போர்க்காலத்துப் பொதுப்பந்தி

பாரதப் போரில் இருதிறப் படைக்கும் சோறளித்தான் என்று புறநானூற்றில் முரஞ்சியூர் முடிநாகராயரால் பாடப்பெற்ற சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனை நம் சங்கத்து அன்பர்கள் அறியாதாரல்லர். அது நேரே நிகழ்ந்த செய்தியோ, முன்னோரை நினைந்து இட்ட சோறோ என அறிஞர் தம்முள் வேறுபடுவர். அவ்வழக்கை ஈண்டு எடுத்தோமில்லை. போர்மேற் செல்லும் வேந்தன் தன் மறவர்க்குப் பெருவிருந்து அளித்தலைப் பெருஞ்சோற்றுநிலை என ஒரு துறையாகவே வகுத்தார் தொல்காப்பியனார். ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. பண்டைநாட் போர்ச்சோறு படைக்கே உரியது. களத்துக்கு அப்பால் ஊரிலிருந்து உழைக்கும் ஆடவர்க்கும், கணவனைப் போருக்கு விடுத்துப் பிள்ளைகளோடு தனித்திருக்கும் மகளிர்க்கும் அரசு உலை வைத்ததாக அத்துறை பேசுவதில்லை. போர்க்காலத்தில் குடிமக்கள் எல்லார்க்கும் ஊர்ப்பொதுவில் பந்தி விரித்தல் மிக அண்மைக்காலத்து வழக்கமாகும். மேனாட்டில் அவ்வழக்கம் வளர்ந்த வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம்.

இப்பொருளை யாம் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. நம் சங்க மண்டபத்தில் வெள்ளிதோறும் நடைபெறும் நண்பகல் உணவுக்குப் பத்து ரூபாய் விலை வைக்கலாமா என்று சென்ற கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. முதியவர் ஒருவர் எழுந்து, ‘சோற்றுக்குக் காசு வாங்குவது நம் குலத்துக்கு அடுக்குமா?’ என்று கண்கலங்கிக் கேட்டார். இளைஞர் ஒருவர், ‘ஐயா, இனாம் என்பதனால்தான் வரவேண்டிய குடும்பங்கள் வாராதிருக்கின்றன’ என்றார். இருவரும் உண்மையே கூறினர் என்று எமக்குத் தோன்றிற்று. வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டியபோது, இதே வழக்கைப் பேரரசுகளும் பெருநகரங்களும் இரண்டு உலகப்போர்களின் நடுவே வழக்காடியிருத்தலைக் கண்டோம்.

முதலிற் கூறத்தக்கவர் பெர்லின் நகரத்து லீனா மோர்கன்ஸ்டேர்ன் என்னும் அம்மையார். 1866-ஆம் ஆண்டில் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் மூண்டு பண்டங்களின் விலை ஏறியபோது, இவ்வம்மையார் பெர்லினில் மக்கள் அடுக்களை என்னும் பொருள்படும் பெயரோடு பொதுச் சமையற்கூடங்களை நிறுவினார். மொத்தமாக வாங்கி, மொத்தமாகச் சமைத்து, அடக்கவிலைக்கே விற்றார். ஊரார் அவரைச் ‘சூப்பு லீனா’ என்று செல்லப்பெயரிட்டு வழங்கினர். தருமமாகக் கொடாது விலைக்குக் கொடுத்தமையே அவர் செயலின் புதுமை.

முதல் உலகப்போர் 1914 ஆகஸ்டில் தொடங்கிற்று. இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதி கூலியாட்களும் துறைமுகத் தொழிலாளரும் நெருங்கி வாழும் இடம். போர் தொடங்கியவுடன் ஆலைகள் பல மூடின, விலைகள் ஏறின. அப்பகுதியில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிவந்த சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் என்னும் அம்மையார் அவ்வாண்டிலேயே ஓர் உணவுச்சாலை திறந்தார். பெரியோர்க்கு இரண்டு பென்னி, சிறுவர்க்கு ஒரு பென்னி. கொடுக்க இயலாதார்க்கு இனாமாகச் சீட்டு. (அந்நாளில் 12 பென்னி ஒரு ஷில்லிங்கு, 20 ஷில்லிங்கு ஒரு பவுன் என்று அன்பர்கள் நினைவிற் கொள்க.) அச்சாலைக்கு அவர் இட்ட பெயர் ‘அடக்கவிலை உணவகம்’. தருமம் என்னும் வாடை வீசலாகாது என்றே அப்பெயரைத் தேர்ந்தார்.

தருமத்தின்மேல் இத்துணை வெறுப்பு ஏன் என்று நம்மனோர் வினவக்கூடும். அன்னதானத்தைப் பெரும்புண்ணியமாகவும் சோறு விற்றலை இழிவாகவும் கருதி வந்த நாட்டார் நாம்; சத்திரத்தில் உண்டவன் தலை குனிந்ததாக நாம் கேட்டதில்லை. இங்கிலாந்தின் வரலாறோ வேறு. அங்கே 1834-ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தின்படி, பிழைக்க வழியற்றவர் உதவி வேண்டினால் ‘உழைப்பு விடுதி’ என்னும் இடத்துக்குள் புகுதல் வேண்டும். உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் எனப் பிரிக்கப்படுவர். உணவும் வெளியிலுள்ள ஏழைக் கூலிக்காரனது உணவினும் மேம்படலாகாது என்பது கொள்கை. மூன்று தலைமுறை இவ்வாறு கழிந்தபின், இனாமாகக் கிடைக்கும் சூப்புக் கிண்ணத்தைக் கண்டாலே அந்நாட்டு ஏழைக்கு உழைப்பு விடுதியின் வாயில் நினைவுக்கு வரும். பசியினும் அவ்வச்சம் பெரிது.

இதனை உணராது செய்த முயற்சி என்னாயிற்று என்பதற்குப் பெர்லினே மீண்டும் சான்று. ஆங்கிலக் கடற்படையின் முற்றுகையால் ஜெர்மனியில் உணவு அருகிற்று. 1916 ஜூலையில் பெர்லின் நகராட்சி பெரிய அளவிற் பொது உணவளிப்பைத் தொடங்கிற்று. மாபெருங் கொப்பரைகளிற் சமைத்து, ஊரின் பல பகுதிகளுக்கும் அனுப்பி விற்றனர். அதிகாரிகள் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. நடுத்தரக் குடும்பத்தார் அண்டை வீட்டார் கண்ணிற் படுவதற்கு நாணினர்; தொழிலாளரும் வீட்டு அடுப்பையே விரும்பினர். அவ்வாண்டின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு விளைச்சல் கெட்டு, கால்நடைக்கு இடும் டர்னிப் வகைக் கிழங்கே மக்களின் உணவாயிற்று. ‘டர்னிப் மாரிக்காலம்’ என்றே 1916–17-ஐ ஜெர்மானியர் இன்றும் குறிப்பிடுவர். வேறு வழியில்லாமற் போன அக்குளிரிலேதான் பொதுக்கொப்பரைமுன் வரிசை நீண்டது.

இனி இங்கிலாந்து. அந்நாடு உண்ணும் கோதுமையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கப்பலேறி வருவது. 1917 பிப்ரவரி முதல் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் வரையறையின்றி வாணிகக் கலங்களைத் தாக்கத் தொடங்கின. அரசு விழித்துக்கொண்டது. அவ்வாண்டு மே மாதம் 21-ஆம் நாள் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலச் சாலையில் முதல் ‘தேசிய அடுக்களை’ திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் பேரரசி மேரி. அரசி கையால் திறக்கப்பட்ட இடத்திற்குச் செல்வதற்கு எவரும் நாணார் என்பது உட்கருத்தாதல் வெளிப்படை. மக்கள் தத்தம் வீட்டுக் கிண்ணங்களையும் குடங்களையும் கொண்டுவந்து, விலைகொடுத்து, சமைத்த உணவைப் பெற்றுச் சென்றனர். சூப்பு ஏழையர்க்கு ஊற்றும் இடம்போல் தோன்றலாகாது, பார்வைக்கு அழகாயிருத்தல் வேண்டும் என்று உணவு அமைச்சகம் வற்புறுத்திற்று. 1918-ஆம் ஆண்டு இறுதிக்குள் இத்தகைய அடுக்களைகள் 363 ஆயின. போர் முடிந்ததும் உணவுக்கடை வாணிகர் முணுமுணுத்தனர், அரசும் கைவாங்கிற்று, அடுக்களைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன.

அடுத்த போர் 1939 செப்டம்பரில் வந்தது. 1940 ஜனவரியில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் பங்கீட்டுக்கு உட்பட்டன. அவ்வாண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் முதல் இலண்டன்மேல் குண்டுமழை பொழிந்தது. முதலிற் சிதைந்தது அதே கிழக்குப் பகுதி. வீடும் அடுப்பும் ஒருங்கே இழந்தவனுக்குப் பங்கீட்டுச் சீட்டு இருந்து என் பயன்? அரிசி இருந்தும் உலையில்லை என்னும் நிலை.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். செப்டம்பர் 14-ஆம் நாள் இரவு, கிழக்கு இலண்டன் நகர்மன்ற உறுப்பினரும் பொதுவுடைமைக் கட்சியினருமாகிய பில் பிராட்டின் என்பவர், பெண்டிரும் சிறுவரும் அடங்கிய ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு சவாய் என்னும் பெருஞ்செல்வர் ஓட்டலுக்குட் புகுந்தார். அங்கு விருந்தினர்க்கென நிலத்தின்கீழ் வசதியான பதுங்கிடம் இருந்தது. அபாயச் சங்கு ஒலித்துவிட்டமையால் எவரையும் வெளியே தள்ள இயலவில்லை. சிறிது நேரத்தில் பிள்ளைகளுக்குத் தேநீர் வேண்டுமெனக் கேட்டனர். அவ்வோட்டலின் விலை அவர்களால் தரத்தக்கதன்று. இனாமாகத் தாரும் என்று அவர்கள் கேட்டார்களா? இல்லை. சாதாரண லயன்ஸ் தேநீர்க்கடையில் என்ன விலையோ அதைத் தருகிறோம் என்றனர். பணியாட்கள் உள்ளே சென்று பேசி, இரண்டு பென்னிக்குத் தேநீரும், ரொட்டியும் வெண்ணெயும் கொணர்ந்தனர். பதுங்கிடம் கேட்டுப் புகுந்தவர்களும் தேநீருக்கு விலை கொடுத்தே தீர்வோம் என்றதை அன்பர்கள் குறித்துக்கொள்க.

அம்மாதமே இலண்டன் மாநகராட்சி ‘இலண்டன் மக்கள் உணவுத்தொண்டு’ என ஒன்றைத் தொடங்கிற்று. பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் அடுப்பு மூட்டி வெந்த உணவை விற்றனர். அப்போது உணவு அமைச்சராயிருந்தவர் வூல்ட்டன் பிரபு. இவர் அரசியல்வாதி அல்லர். லிவர்ப்பூல் நகரத்துப் பெருங்கடை ஒன்றை நடத்தி வந்தவர். வாங்குவோர் மனத்தை வணிகர் அறிவதுபோல் அறிந்தவர். இவர் பெயரால் வழங்கிய காய்கறிப் பணியாரத்தை (கிழங்கு, கேரட்டு முதலியவற்றை மாவு மூடிச் சுட்டது) ஆக்கிக் காட்டியவர் மேற்சொன்ன சவாய் ஓட்டலின் தலைமைச் சமையற்காரரே என்பது ஒரு வேடிக்கை.

நாடெங்கும் இத்தகைய சாலைகளை அமைக்கத் திட்டமிட்ட அமைச்சகம் அவற்றிற்குச் ‘சமுதாய உணவளிப்பு நிலையங்கள்’ என்று பெயரிட்டது. 1941 மார்ச்சில் இப்பெயர் தலைமையமைச்சர் சர்ச்சிலின் பார்வைக்கு வந்தது. அவர் முகஞ் சுளித்தார். பொதுவுடைமையையும் உழைப்பு விடுதியையும் ஒருசேர நினைவூட்டும் பெயர் இது எனக் குறிப்பெழுதி, ‘பிரிட்டிஷ் உணவகம்’ என்று வழங்குமாறு பணித்தார். உணவகம் என்னும் சொல்லைக் கேட்டால் நல்ல சாப்பாடு என்னும் நினைவு வரும் என்பது அவர் கருத்து. சர்ச்சிலிடம் யாம் மாறுபடும் இடங்கள் பல. அவற்றுள் ஒன்றைக் கீழே சொல்லப்போகின்றோம். ஆனால் சொல்லாட்சி அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. ஒரு பெயர் உண்பவனை இரவலனாக்கும். மற்றொரு பெயர் அவனையே வாடிக்கைக்காரனாக்கும்.

இவ்வுணவகங்கள் நடந்த முறையைக் கேளுங்கள். அரசு முதற்பொருள் தந்தது. நடத்தும் பொறுப்பு அவ்வவ்வூர் நகராட்சியினது. இலாபம் கூடாது; வரவு செலவுக்குக் கட்டிவருதல் வேண்டும். இடம் மாதாகோயில் மண்டபமாகவும் இருக்கலாம், பள்ளிக்கூடமாகவும் இருக்கலாம். ஆக்ஸ்போர்டு நகரில் நகர்மன்றக் கட்டடத்திலேயே ஒன்று நடந்தது. வாயிலில் காசு கொடுத்தால் சூப்புக்கு ஒரு நிறம், இறைச்சி காய்கறிக்கு ஒரு நிறம், இனிப்புக்கு ஒரு நிறம் என வில்லைகள் தருவர். வில்லையை நீட்டி, தட்டைத் தாமே ஏந்திச் சென்று, இடங்கண்ட மேசையில் அமர வேண்டியதே. பரிமாறுவார் இல்லாமையால் முன்வரிசை பின்வரிசை என்னும் பேதமும் இல்லை. மூன்று வகையும் சேர்ந்து ஒரு ஷில்லிங்குக்கு மேற்படாது. 9 பென்னிக்குக் கிடைத்த ஊர்களும் உண்டு. பங்கீட்டுச் சீட்டில் ஒரு கூப்பனும் கிழிக்கப்படமாட்டாது. எனவே ஆலைத்தொழிலாளியும், குமாஸ்தாவும், ஆசிரியரும், குண்டில் வீடிழந்த கிழவியும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். சுவர்கள் வெறுமையாய் இருத்தலாகாது என்று பல ஊர்களில் ஓவியரும் ஓவியப்பள்ளி மாணாக்கரும் வண்ணச் சித்திரங்கள் தீட்டிக் கொடுத்தனர். முட்டைக்கோசு அளவுமீறி வெந்தது, எல்லாவற்றுக்கும் ஒரே குழம்பு என்றெல்லாம் குறைகூறினோரும் பலர். குறைகூறியது நல்லது என்போம். இரவலன் குறைகூறான், விலைகொடுத்தவனே கூறுவான்.

1943-இல் இவை 2,000-க்கு மேற்பட்டு, நாள்தோறும் ஏறத்தாழ 6 லட்சம் பேருக்கு உணவளித்தன. செல்வர் உண்ணும் ஓட்டல்களையும் அரசு விட்டுவிடவில்லை. அங்கும் கூப்பன் வேண்டுவதில்லையாதலால், பணமுடையார் பங்கீட்டைத் தாண்டி உண்கின்றனர் என்ற பொருமல் எழுந்தது. 1942 ஜூன் முதல் எவ்வோட்டலிலும் ஒரு சாப்பாட்டின் விலை 5 ஷில்லிங்கைத் தாண்டலாகாது, மூன்று வகைக்கு மேல் பரிமாறலாகாது என்று விதித்தனர். பெரிய ஓட்டல்கள் இடத்துக்கும் இசைக்கும் தனிக்கட்டணம் வாங்கித் தப்ப முயன்றன எனினும் விதி விதியாகவே நின்றது. கருவுற்ற தாய்மார்க்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகட்கும் 1940 முதலே பால் மலிவு விலைக்கும், வறியார்க்கு இனாமாகவும் கிடைத்தது. பள்ளிகளில் நண்பகல் உணவு உண்ட பிள்ளைகள் 1945-இல் 16 லட்சத்தைத் தாண்டினர்.

தட்டைப் பற்றி எழுதும்போது எம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாதிருக்க இயலவில்லை. சிறுவயதில் யாம் ஒரு மாணவர் விடுதியில் கட்டணமின்றித் தங்கிப் பயின்றோம். கட்டணம் செலுத்தியவர்க்கு எவர்சில்வர்த் தட்டு. எம்போன்றார்க்கு அலுமினியத் தட்டு. சோறும் சாம்பாரும் ஒன்றே, அளவும் ஒன்றே, பரிமாறியவரும் அன்புடையவரே. யாரும் கெடுநினைவோடு அவ்வாறு செய்யவில்லை. இரண்டு தொகுதித் தட்டுகள் இரு வேறு காலத்தில் வாங்கப்பட்டன, அவ்வளவே. ஆனால் எம் தந்தையார் எம்மைக் காணவந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயிறு வலிக்கிறது என்று பொய்கூறி யாம் பந்திக்குப் போகவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. அவர் கூடத்துள் ஒருமுறை நோக்கியிருந்தார் என்பது பின்னாளிலே எமக்குத் தெரிந்தது.

இனி, சொல்லப்போவதாகக் கூறிய கசப்பான செய்தி. பிரிட்டிஷ் உணவகங்கள் உச்சநிலையில் இருந்த அதே 1943-ஆம் ஆண்டில், அதே அரசின் ஆட்சிக்குட்பட்ட வங்காளத்தில் மக்கள் தெருவில் விழுந்து மாண்டனர். 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. பகைவர் கைப்படலாகாது என்று வங்கக் கரையோரத்துப் படகுகளை அரசு பறித்தும் அழித்தும் விட்டது. மீனவனும் உழவனும் வாணிகமும் முடங்கினர். அக்டோபரில் மிதுனபுரியைப் பெரும்புயல் தாக்கிற்று. அரிசி விலை கூலியாள் கைக்கு எட்டாது உயர்ந்தது. கல்கத்தாவில் போர்த்தொழிற்சாலைப் பணியாளர்க்கு அரிசி கிடைக்க வழிசெய்த ஆட்சியாளர் நாட்டுப்புறத்தை நினைத்திலர். 1943 ஆகஸ்டிலேதான் ‘லங்கர்கானா’ எனப்படும் அரசாங்கக் கஞ்சித்தொட்டிகள் ஊர்தோறும் திறக்கப்பட்டன. அங்கு ஊற்றியது நீர்த்த கஞ்சி. அரிசிச்சோறே உண்டு பழகியவர்க்கு, கம்பு முதலிய பழக்கமில்லாத தானியங்கள் கலந்தமையால் வயிற்றுப்போக்கும் கண்டது. அக்டோபர் இறுதியில் கல்கத்தாத் தெருக்களிலிருந்து ஏதிலிகளை அப்புறப்படுத்த அவசரச் சட்டம் பிறந்தது. இலண்டனில் வீடிழந்தவனுக்கு மேசையும் சித்திரமும். கல்கத்தாவில் நிலமிழந்தவனுக்குத் தெருவில் நிற்கவும் உரிமையில்லை.

இறந்தோர் 15 லட்சம் என்று 1945-இல் அறிக்கை அளித்த பஞ்ச விசாரணைக் குழு மதிப்பிட்டது. பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் 20 முதல் 30 லட்சம் வரை என்பர். உணவுக் கப்பல்கள் வேண்டுமென்று இந்தியாவிலிருந்து சென்ற விண்ணப்பங்களுக்குச் சர்ச்சிலின் போர்க்கால அமைச்சரவை கேட்ட அளவு கப்பல் ஒதுக்கவில்லை. ஒரு பெயரில் ஏழையின் மானத்தைக் காக்க அறிந்த அதே கை இது. இதனை விடுத்து அதை மட்டும் எழுதினால் எம் எழுத்து பொய்யாகும் என்பதனாலேயே எழுதினோம். விலைவைத்து மானங்காத்தல் என்பது, கையில் ஒரு காசேனும் உள்ளவனுக்கே பொருந்தும் ஏற்பாடு. காசும் இல்லாதவன் முன் விலைச்சீட்டை நீட்டுதல் கொலைக்கு ஒப்பாகும். பாங்க்ஹர்ஸ்ட் அம்மையார் இனாம் சீட்டையும் வைத்திருந்தார் என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது; அச்சாலைக்கு அவர் இட்ட பெயரை நம் முதியவர் மறத்தலாகாது.

போர் 1945-இல் முடிந்தும் இங்கிலாந்தில் பங்கீடு முடியவில்லை. போரிலும் பங்கிடப்படாத ரொட்டி 1946 ஜூலையில் பங்கீட்டுக்கு வந்தது. இறைச்சிப் பங்கீடு 1954 வரை நீடித்தது. ஆகவே பிரிட்டிஷ் உணவகங்களை உடனே மூட மனமில்லாமல், 1947-இல் நகர உணவகச் சட்டம் ஒன்றை இயற்றி, விரும்பிய நகராட்சிகள் அவற்றைத் தொடர்ந்து நடத்தலாம் என்றனர். சில ஊர்களில் அவை பல்லாண்டு நடந்தன. பெரும்பாலானவை ஒவ்வொன்றாய் மறைந்தன. அச்சட்டத்தில் ஒரு விதி உண்டு: தொடர்ந்து மூன்றாண்டு நட்டம் காட்டும் உணவகத்தை அமைச்சரின் தனி இசைவின்றி மேலும் நடத்தலாகாது. இவ்விதியை மட்டும் தனித்தாளில் எழுதி நம் சங்கப் பொருளாளர்க்கு முன்னரே கொடுத்துவிட்டோம். படித்துவிட்டு, ‘பண்டிதரே, மூன்றாண்டு வரை நட்டம் பொறுப்பார்களா அவர்கள்?’ என்று வியந்து கேட்டார். வெள்ளி உணவைப் பற்றிய பேச்சு அடுத்த பொதுக்கூட்டத்தில் மீண்டும் வரும் எனவும், தட்டுகள் எல்லாம் ஒரே வகையாக வாங்கப்படும் எனவும் அவர் வாயிலாக அறிந்தோம்.